களிமண் தட்டுச் சுடுதலுக்குக் கையைக் கடிக்காத ஷாட்கன் எது?

புதுத்தோட்டா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரேஞ்சில் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் துப்பாக்கிகளைக் கொண்டு சில காலமாக டிராப் எனப்படும் களிமண் தட்டுச் சுடுதல் பழகி வருகிறேன். அவ்வப்போது அதன் இன்னொரு வகையான ஸ்கீட் களத்திலும் நிற்பதுண்டு. ஆளுக்கு ஆள் கைமாறும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இனி முன்னேற முடியாது, சொந்தமாக ஒன்று வாங்குங்கள் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். உரிமம் தொடர்பான வேலைகள் முடிந்துவிட்டதால் அதைப் பற்றி இங்கே கேட்க எதுவுமில்லை. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

என்னிடம் இருக்கும் தொகைக்கு மூன்று வழிகள் தெரிகின்றன. துருக்கியில் தயாரான புதிய ஓவர் அண்டர் (ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல்கள் உள்ளது) ஒன்றை வாங்கலாம்; பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் பழைய ஓவர் அண்டரை வாங்கலாம்; அல்லது அடுத்த தோட்டா தானாக ஏறும் நடுத்தரமான செமி ஆட்டோமேட்டிக் ஒன்றைப் புதிதாகவே வாங்கலாம். கடைக்காரர் முதல் வழியைச் சொல்கிறார், ரேஞ்சில் உள்ள மூத்தவர்கள் இரண்டாவதைச் சொல்கிறார்கள், என் தோள்பட்டை மூன்றாவதைக் கேட்கிறது. நான் சிறிய உடற்கட்டு உடையவன். கைகளும் நீளம் குறைவு. பொதுத் துப்பாக்கியில் நான்காவது சுற்றுக்கு மேல் போனால் தோளும் கன்ன எலும்பும் வலிக்கத் தொடங்கிவிடுகின்றன. அதனால் வழக்கமான 12 போரைவிடக் குழல் குறுகலான 20 போர் வாங்கிவிடலாமா என்ற எண்ணமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மேல்குழல் எழுதியது:

நண்பரே, எந்த நிறுவனம் என்று யோசிப்பதற்கு முன்னால் எந்த ஆட்டம் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். டிராப்பில் தட்டு மேலே எழும்பியபடியே உங்களை விட்டு விலகி ஓடுகிறது. ஒலிம்பிக் டிராப்பில் சுடுபவர் எறியும் எந்திரங்கள் இருக்கும் குழிக்கு 15 மீட்டர் பின்னால் நிற்பதால், தட்டு உடையும் நேரத்தில் அது பெரும்பாலும் 30 மீட்டரைத் தாண்டியிருக்கும். எனவே அதற்கென்றே செய்த துப்பாக்கிகளுக்குக் குழல் நீளமாகவும், சோக் எனப்படும் குழல்முனைக் குறுக்கம் இறுக்கமாகவும், கன்னம் பதியும் மேடு சற்று உயரமாகவும் இருக்கும். குறி வைத்த இடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ரவை (தோட்டாவில் உள்ள சிறு குண்டுகள்) போகும்படி அதைச் செய்திருப்பார்கள். ஏறிக்கொண்டிருக்கும் தட்டைக் குழலால் மறைக்காமல், அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சுட இது உதவுகிறது. ஸ்கீட்டில் கதையே வேறு. தட்டு ஏறக்குறைய 20 மீட்டர் தொலைவில் குறுக்கே பறக்கிறது. சோக் திறந்திருக்க வேண்டும், ரவை பார்த்த இடத்துக்கே போக வேண்டும், துப்பாக்கி சட்டென்று திரும்ப வேண்டும்.

நீங்கள் பெரும்பாலும் டிராப்பும் சில நேரம் ஸ்கீட்டும் சுடுவதாகச் சொல்கிறீர்கள். மாற்ற முடியாத இறுக்கமான சோக் கொண்ட முழு டிராப் துப்பாக்கியை வாங்கினால் ஸ்கீட் களத்தில் தவிப்பீர்கள். கழற்றி மாட்டும் சோக்குகள் உள்ள, ஸ்போர்ட்டிங் வகை என்று விற்கப்படும், 30 அங்குலக் குழல் கொண்ட 12 போர் ஓவர் அண்டர்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கக்கூடியது. உங்கள் உயரத்துக்கு 28 அங்குலமும் தவறில்லை. 32 அங்குலம் வேண்டாம்.

இரண்டாவது, உடலுக்குப் பொருந்துவது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. ரைஃபிளில் பின்குறி என்று ஒன்று இருக்கிறது. ஷாட்கனில் அது கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் கட்டையில் பதியும் இடம் மாறினால் பின்குறி மாறிவிட்டது என்று பொருள். கண்ணிலிருந்து குழலின் முனை வரை ஏறக்குறைய ஒரு கெஜம் இருக்கும் என்று கொண்டால், 16 கெஜத்தில் வைத்த தாளில் ரவைக்கூட்டத்தின் மையம் 1 அங்குலம் விலகினால் கட்டையில் ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு திருத்தம் தேவை என்பது கணக்கு. கட்டை செய்பவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். அவ்வளவு சிறிய அளவுகூட ஒரு அங்குலத்தைத் தின்றுவிடுகிறது என்றால், ஒரு விரல் அகலம் நீளமான கட்டையை வைத்துக்கொண்டு நீங்கள் எதை அடிக்க முடியும்? உங்கள் கன்ன எலும்பு வலிப்பதற்குத் தோட்டாவைவிடப் பொருந்தாத கட்டையே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கடையில் இப்படிச் செய்து பாருங்கள். துப்பாக்கியைத் திறந்து காலியாக இருப்பதை உறுதிசெய்த பிறகு, பாதுகாப்பான திசையில் சுவரின் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்களை மூடிக்கொண்டு இயல்பாகத் தோளில் ஏற்றுங்கள். பிறகு கண்ணைத் திறந்தால், கழுத்தை நீட்டாமலும் தலையைச் சாய்க்காமலும் ரிப் எனப்படும் மேல்பட்டையின் வழியே முனையில் உள்ள மணியைப் பார்க்க முடிய வேண்டும். பட்டை முழுவதும் மறைந்து குழலின் பின்புறம் மட்டும் தெரிந்தால் மேடு தாழ்வு. பட்டை ஓடுபாதைபோல் நீளமாகத் தெரிந்தால் மேடு உயரம். கட்டைவிரலின் அடிக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு மூன்று விரல் அகலம் இடைவெளி இருப்பது நீளம் சரி என்பதற்கு அடையாளம்.

இனிப் பழையதா புதியதா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் மூத்தவர்களின் பக்கம். பெரெட்டா 686, பிரவுனிங் 525, மிரோக்கு 38 ஆகியவை ரேஞ்சுகளில் மிகுதியாகப் புழங்குபவை. பிரவுனிங் 525ஐச் செய்து தருவதும் ஜப்பானின் மிரோக்குதான். ஆகவே மிரோக்கு என்ற பெயரைப் பார்த்து யாரும் தயங்க வேண்டியதில்லை. பெரெட்டாவில் கீல், குழலின் இரு பக்கமும் தனித்தனிக் குமிழாக அமைந்திருப்பதால் அதன் உடல் தட்டையாக இருக்கும். தேய்ந்தால் அந்தக் குமிழ்களை மட்டும் மாற்றலாம். பிரவுனிங்கில் குழலுக்கு அடியில் குறுக்கே ஒரே கீல் ஊசி ஓடுகிறது. உடல் சற்று ஆழமானது, ஆனால் தேய்வதற்கு நெடுங்காலம் ஆகும். இவை பழகிய பிறகும் விலை அதிகம் இறங்குவதில்லை என்பதே இவற்றின் சிறப்பு. இரண்டு மூன்று ஆண்டுகள் சுட்டுவிட்டு விற்றாலும் கொடுத்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

துருக்கித் துப்பாக்கிகளை மொத்தமாகத் தள்ளுபவன் அல்ல நான். அங்கே நல்ல பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் மிகக் குறைந்த விலைக்கு விற்பவற்றில் விசை கனமாக இருக்கும், காலித் தோட்டாவைத் தள்ளும் எஜெக்டர் சில ஆயிரம் வெடிகளுக்குள் மக்கர் செய்யும், உதிரிபாகம் கேட்டால் இறக்குமதியாளர் மாறிவிட்டார் என்பார்கள். வேட்டைக்கு ஆண்டுக்கு ஒரு பெட்டி தோட்டா சுடுபவருக்கு அது போதும். தட்டுச் சுடுபவர் ஒரு சுற்றுக்கே 25 தட்டு, ஒரு நாளைக்கு நான்கு சுற்று என்று போவார். செலவையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே பாருங்கள். துப்பாக்கிக்குக் கொடுக்கும் தொகை ஒரு முறை. தோட்டாவுக்கும் தட்டுக்கும் கொடுப்பது சுடும் காலமெல்லாம் தொடரும், விரைவிலேயே துப்பாக்கியின் விலையைத் தாண்டியும் விடும். கையில் உள்ளதை எல்லாம் துப்பாக்கியில் போட்டுவிட்டுத் தோட்டா வாங்கக் காசில்லாமல் நிற்பவர்களை எல்லா ரேஞ்சிலும் பார்க்கலாம்.

வாயுவிசை எழுதியது:

மேலே எழுதிய நண்பர் சொன்னதில் பொருத்தம் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். ஆனால் கேட்டவர் தோள் வலி என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கும்போது செமி ஆட்டோமேட்டிக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் கடந்தது நியாயமாகத் தோன்றவில்லை.

வெடியின் வாயுவில் ஒரு பகுதியை எடுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகைகளில், அந்த இயக்கத்தால் உதை சற்று நீண்ட நேரத்துக்குப் பரவுகிறது. தோளில் அறைவதுபோல் விழுவதற்குப் பதில் தள்ளுவதுபோல் இருக்கும். ரெமிங்டன் 1100 வந்தது 1963இல். அதன் மென்மைக்காகவே இன்றும் ஸ்கீட் சுடுபவர்கள் பலர் அதை விடுவதில்லை. இன்றைக்குப் புதிதாக வாங்க நினைப்பவருக்குப் பெரெட்டா ஏ300 போன்றவை நடுத்தர விலையில் கிடைக்கின்றன. பெனெல்லி புகழ்பெற்றதாக இருந்தாலும் அது வாயுவை அல்லாமல் உதையையே பயன்படுத்தி இயங்குவது; எடையும் குறைவு. தோள் வலிக்கு மருந்தாக அதை வாங்க வேண்டாம்.

உடல் சிறியவருக்கு இன்னொரு வசதியும் இதில் உண்டு. பல செமி ஆட்டோமேட்டிக்குகளுடன் மெல்லிய தகடுகள் சில வரும். பின்கட்டைக்கும் உடலுக்கும் இடையே அவற்றை மாற்றி மாற்றி வைத்தால் மேட்டின் உயரத்தையும் பக்கச் சாய்வையும் வீட்டிலேயே திருத்திக்கொள்ளலாம். ஓவர் அண்டரில் அதே வேலைக்குக் கட்டையை வளைக்கும் ஆளைத் தேடிப் போக வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரே குழல் என்பதால் இரண்டு வெடிக்கும் ஒரே சோக்தான். காலித் தோட்டா வலப்பக்கம் பறந்து போய் அருகில் நிற்பவர் மீது விழும். சில ரேஞ்சுகளில் அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி மாட்டச் சொல்வார்கள். வாயுத் துளையையும் பிஸ்டனையும் ஒழுங்காகத் துடைக்காவிட்டால் போட்டியின் நடுவில் அடைத்துக்கொள்ளும். வாங்குமுன் 24 கிராம் ரவை கொண்ட தோட்டாவைப் போட்டு இரண்டாவது தோட்டா தானாக ஏறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். கனமான வேட்டைத் தோட்டாக்களை மனத்தில் வைத்துச் செய்த சில துப்பாக்கிகள் மெல்லிய தோட்டாவில் முழுச் சுழற்சி ஓடாமல் நின்றுவிடும். ஒலிம்பிக் முறைப் போட்டிகளில் 24 கிராமுக்கு மேல் ரவை அனுமதி இல்லை என்பதால் இது உங்களுக்கு முக்கியம். அதே விதிகள் செமி ஆட்டோமேட்டிக்கை அனுமதிக்கின்றன, முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்ஷனை அனுமதிப்பதில்லை; விலை குறைவு என்று யாராவது பம்ப்பை நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்.

புதுத்தோட்டா எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ரேஞ்சில் ஒருவர் தம்முடைய பெரெட்டா 686 ஸ்போர்ட்டிங்கை விற்கப்போவதாகச் சொல்கிறார். விலையும் என் எல்லைக்குள் வருகிறது. வெளியே பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பழைய துப்பாக்கியில் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. 20 போர் பற்றியும் யாரும் சொல்லவில்லையே?

பட்டறைவாசல் எழுதியது:

துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். அழகைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உடலில் உள்ள வேலைப்பாடு தேய்ந்து வெளிறியிருந்தால் அது நிறைய கைபட்டது என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். புதிதாகக் கறுப்பேற்றி மெருகிட்ட பழைய துப்பாக்கியைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

விற்பவரின் அனுமதியுடன் முன்கட்டையைக் கழற்றுங்கள். முன்கட்டை மாட்டியிருக்கும்போது அதன் அழுத்தம் தளர்வை மறைத்துவிடும். கழற்றிய பிறகு குழலை மூடி, பின்கட்டையின் கழுத்தை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்துப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கடக் என்ற சிறு அசைவு விரலுக்குத் தெரிந்தால் கீலோ பூட்டோ தேய்ந்திருக்கிறது. இந்த மாதிரியில் அது தீராத வியாதி அல்ல. ஆனால் செலவு உண்டு, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அடுத்து, மேலே கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் நெம்புகோலைக் கவனியுங்கள். மூடிய நிலையில் அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கமாக நின்றால் பூட்டில் இன்னும் ஆயுள் இருக்கிறது. நடுவில் நின்றால் நிறையச் சுட்டது. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் பட்டறைக்கு வரவேண்டியது.

பிறகு குழலைத் தனியாக எடுத்து, வெளிச்சமுள்ள சன்னலை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். வெளிச்சம் உள்சுவரில் வட்ட வட்டமாகச் சீராக ஓட வேண்டும். ஓரிடத்தில் வட்டம் நசுங்கித் தெரிந்தால் அங்கே வெளியிலிருந்து அடி விழுந்திருக்கிறது. ஒரு முழு வளையம் கறுப்பு நிழலாகத் தெரிந்தால், உள்ளே ஏதோ அடைத்திருந்தபோது சுட்டதால் குழல் அங்கே வீங்கியிருக்கிறது. அப்படிப்பட்டதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். குழலைக் கொக்கியில் விரலால் தொங்கவிட்டு மற்றொரு கையின் விரல்முட்டியால் மெல்லத் தட்டினால் மணி போல ஒலிக்கும். கரகரவென்று அதிர்ந்தால் மேல்பட்டையின் பற்றவைப்பு எங்கோ விட்டிருக்கிறது. சோக்குகள் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். துருப்பிடித்து இறுகிப்போய், கழற்ற முடியாத சோக் மாட்டிய துப்பாக்கிகள் எங்கள் மேசைக்கு அடிக்கடி வருகின்றன.

பின்கட்டையில் உடலைத் தொடும் இடத்தில் மயிரிழை போன்ற கீறல்கள் உண்டா என்று பாருங்கள். விசையைச் சோதிக்க வெறுமனே இழுக்காமல் போலித் தோட்டா இரண்டை ஏற்றிக்கொள்ளுங்கள். இந்தத் துப்பாக்கியில் முதல் வெடியின் உதைதான் இரண்டாவது குழலுக்கு விசையை மாற்றிவிடுகிறது என்பதால், முதலில் இழுத்த பிறகு கட்டையின் அடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டிவிட்டுத்தான் மறுபடி இழுக்க வேண்டும். தட்டாமல் இழுத்துவிட்டு இரண்டாவது குழல் வேலை செய்யவில்லை என்று திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் விழுந்த பிறகு திறந்தால் இரண்டு போலித் தோட்டாக்களும் ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே தூரத்தில் போய் விழ வேண்டும். கடைசியாக, உங்கள் ரேஞ்சு ஈயத்துக்குப் பதில் எஃகு ரவையைக் கட்டாயமாக்கியிருந்தால், குழலிலும் சோக்கிலும் எஃகு ரவைக்கு ஏற்றது என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய இறுக்கமான சோக்குகளில் எஃகைச் சுடக் கூடாது.

20 போர் வேண்டாம். உதை என்பது ரவையின் எடை, அதன் வேகம், துப்பாக்கியின் எடை ஆகிய மூன்றின் கணக்கு. குழலின் விட்டத்துக்கு அதில் நேரடியான பங்கு இல்லை. 20 போர் துப்பாக்கிகள் பொதுவாக இலேசானவை. அதே 24 கிராமை அதில் சுட்டால் கனமான 12 போரைவிட அதிகமாகத்தான் உதைக்கும். 3.5 கிலோ எடையுள்ள 12 போரில் 24 கிராம் சுடுங்கள், மாற்றம் உடனே தெரியும். ஒரே வேகத்தில் 32 கிராமிலிருந்து 24 கிராமுக்கு இறங்கினால் உதையின் ஆற்றல் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும். நீங்கள் ரேஞ்சில் எந்தத் தோட்டாவைச் சுடுகிறீர்கள் என்று பெட்டியைப் பார்த்தீர்களா? இன்னொன்று, இரண்டு அளவும் ஒரே வீட்டில் இருப்பது ஆபத்து. 20 போர்த் தோட்டா தவறி 12 போரில் விழுந்தால் அறையைத் தாண்டிக் குழலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அதன் பின்னால் 12 போர்த் தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழல் வெடித்துவிடும். அதனால்தான் 20 போர்த் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் என்ற வழக்கமே ஏற்பட்டது.

இடக்கண் எழுதியது:

ஒரு சிறு சேர்ப்பு. எந்தத் துப்பாக்கியை வாங்குவதற்கு முன்பும் உங்களுக்கு ஆளும் கண் எது என்று சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து, கையை நீட்டி, தொலைவில் உள்ள ஒரு பொருளை விரலால் சுட்டுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது விரல் பொருளை விட்டுத் தாவுகிறதோ அதுவே ஆளும் கண். வலத் தோளில் சுடுபவருக்கு இடக் கண் ஆளுமானால் எவ்வளவு பொருத்தமான கட்டையும் உதவாது. கண்ணாடியின் இடப்பக்கத்தில் பார்வைக்கோட்டில் ஒரு சிறு துண்டு ஒட்டுவது ஒரு வழி. தோளையே மாற்றிக்கொள்வது இன்னொன்று. இடத் தோளுக்கு மாறுவதாக இருந்தால் வலப்பக்கம் சாய்த்துச் செய்த கட்டை எதிரியாகிவிடும் என்பதால், இதை வாங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

புதுத்தோட்டா எழுதியது:

பட்டறைவாசல் ஐயா கேட்டதும் பெட்டியைப் பார்த்தேன். 32 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. அடுத்த முறை 24க்கு மாறிவிடுகிறேன். ஆளும் கண் வலதுதான். 686ஐத் தோளில் ஏற்றிப் பார்த்ததில் மேட்டின் உயரம் சரியாக இருக்கிறது, நீளம் மட்டும் ஒரு விரல் கூடுதல். கட்டையை வெட்டலாமா? வெட்டினால் பிற்பாடு விலை போகாது என்று விற்பவரே சொல்கிறார்.

பட்டறைவாசல் எழுதியது:

வெட்டலாம். ஆனால் அதற்குமுன் கட்டையின் முடிவில் உள்ள ரப்பர் பட்டையின் தடிமனைப் பாருங்கள். தடித்த பட்டையாக இருந்தால் மெல்லியதை மாட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும், மரத்தைத் தொடவே வேண்டாம். அதற்கும் மேல் தேவைப்பட்டால் தச்சரிடம் கொடுக்காமல் துப்பாக்கிக் கட்டை வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். அடிப்பகுதியின் சாய்வு மாறிவிட்டால் சுடும்போது கட்டை தோளிலிருந்து வழுக்கும், கன்னத்திலும் இடிக்கும். வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது அதே மரம், அதே இழையோட்டம் என்பதால் திரும்ப ஒட்டிக் கொடுக்க முடியும். பின்பக்கம் எடை குறைவதால் குழல் பக்கம் சற்றுக் கனப்பதுபோல் தோன்றும். டிராப்புக்கு அது நல்லதே. ஸ்கீட்டில் தொந்தரவாக இருந்தால் கட்டையின் உள்ளே இருக்கும் துளையில் சிறு எடை ஒன்றை வைத்துச் சரிசெய்துவிடலாம்.

மேல்குழல் எழுதியது:

சோக் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். டிராப்புக்குக் கீழ்க்குழலில் முக்கால், மேல்குழலில் முழு. கீழ்க்குழலை முதலில் சுடுங்கள், அதன் உதை தோளுக்கு நேராக வருவதால் முனை குறைவாகவே எழும்பும். ஸ்கீட்டுக்கு இரண்டிலும் ஸ்கீட் சோக். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் திருகில் சிறிது கிரீஸ் தடவுங்கள், சுற்றுக்கு நடுவே அது தளர்ந்திருக்கிறதா என்று, துப்பாக்கியைத் திறந்து காலியாக்கிய பிறகு, ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.